புறக்கணிக்கத்தக்க தடை

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியில் மின்சுற்றுக் கணக்குகள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும். 12 வோல்ற்று மின்கலவடுக்கு, 6 ஓம் தடையி ஒன்று. சுற்றில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு, வலு எவ்வளவு? அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் 2 அம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் 24 வாற்று. இரண்டு வரியில் விடை முடிந்து, புள்ளியும் கிடைத்துவிடும். இப்படியான கணக்குகளின் தலையில் அநேகமாக ஒரு நிபந்தனையைக் காணலாம்: இணைக்கும் கம்பிகளின் தடை புறக்கணிக்கத்தக்கது எனக் கொள்க.

பாடத்தைத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த நிபந்தனை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஒரே நேரத்தில் எல்லாத் தடைகளையும் கணக்கில் எடுத்தால் எதுவுமே விளங்காது. ஆனால் மலையகத்தில் மின்சாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி, கேள்வித்தாள் ஒதுக்கிவைக்கச் சொல்லும் அந்தக் கம்பித் தடையில்தான் இருக்கிறது. வெளிச்சம் மங்குவதும், பில் ஏறுவதும், லயம் எரிவதும் அங்கிருந்துதான். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கின் இரண்டாம் பாகத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பல வருடங்களாக எனக்கு ஆசை.

முதலில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பார்ப்போம். இந்த இரண்டையும் விளக்க மலையகப் பிள்ளையை வேறெங்கும் கூட்டிப்போக வேண்டியதில்லை. மஸ்கெலி ஓயா லக்சபானவில் 126 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. செக்கனுக்கு ஒரு கனமீற்றர் தண்ணீர் அந்த உயரத்திலிருந்து இறங்கினால் அதில் சுமார் 1,236 கிலோவாற்று வலு உண்டு. தண்ணீரின் அளவு பாதியாகி உயரம் இரட்டித்தாலும் வலு அதேதான். உயரத்தையும் பாயும் அளவையும் பெருக்கி வலுவைக் காண்பதும், வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி வாற்றைக் காண்பதும் ஒரே அமைப்புள்ள கணக்குகள். உயரத்தின் இடத்தில் வோல்ற்று, ஓடும் தண்ணீரின் இடத்தில் அம்பியர். தடை என்பது குழாயின் ஒடுக்கம்: நீளம் கூடினால் தடை கூடும், உட்பரப்பு கூடினால் குறையும்.

இனி லயத்துக்கு வருவோம். இலங்கையில் வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்று. 1,500 வாற்று என்று அடியில் எழுதியிருக்கும் கேத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500ஐ 230ஆல் வகுத்தால் 6.5 அம்பியர். 230ஐ மறுபடி அந்த 6.5ஆல் வகுத்தால் அதன் தடை ஏறத்தாழ 35.3 ஓம். கொப்பிக் கணக்கு இத்தோடு நின்றுவிடும். ஆனால் இந்தக் கேத்தல் மின்மானிக்குப் பக்கத்தில் இல்லை. முதல் லயத்துச் சுவரில் மின்மானி, அடுத்த லயத்துக் கடைசிக் காம்பிராவில் கேத்தல். இடையில் 120 மீற்றர். விளக்குக்கென்று வாங்கிய 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிதான் கூரைக்கு அடியால் ஓடுகிறது. போவதற்கு 120, வருவதற்கு 120, ஆக 240 மீற்றர் கம்பி. இந்தப் பருமனில் செம்பின் தடை மீற்றருக்கு 0.0172 ஓம் என்பதால், முழுக் கம்பிக்கும் 4.1 ஓம் சொச்சம் வருகிறது.

35.3 ஓமுக்குப் பக்கத்தில் 4.1 சின்ன எண்தான். ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். மொத்தத் தடை 39.4 ஓம் ஆகிறது, ஓட்டம் 5.84 அம்பியருக்கு இறங்குகிறது. கேத்தலுக்குப் போய்ச் சேரும் அழுத்தம் 206 வோல்ற்று, வலு 1,200 வாற்று. 1,500 என்று எழுதியிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஆறு நிமிடத்தில் கொதிக்க வேண்டிய தண்ணீருக்கு ஏழரை நிமிடம் வேண்டும். கம்பியில் மட்டும் 140 வாற்று சூடாகப் போகிறது. அந்தக் கம்பி மின்மானிக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அந்தச் சூட்டுக்கும் குடும்பமே காசு கட்டுகிறது. தினமும் ஒரு மணி நேரம் இப்படி ஓடினால் மாதத்துக்கு நாலு யூனிட்டுக்கு மேல். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது, முதல் 30 யூனிட்டைத் தாண்டாமல் மாதத்தை ஓட்டப் பார்த்த வீடுகளுக்கு அந்த நாலு யூனிட் சின்ன விசயமாக இருக்கவில்லை.

இதை லயத்தார் அறியாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். மஞ்சள் பல்ப் எரிந்த காலத்தில் அவர்களுடைய அளவுகருவி அந்தப் பல்புதான். 60 வாற்று இழைக்குமிழுக்கு 230க்குப் பதிலாக 206 வோல்ற்று கிடைத்தால் அதன் ஒளி பத்துக்கு ஏழாகக் குறையும். அழுத்தத்தை விட வெளிச்சம் வேகமாக விழும். பக்கத்துக் காம்பிராவில் கேத்தலைப் போட்ட கணமே இங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் புத்தகத்தில் இருட்டு ஏறும். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்: “அடியே புள்ள, கேத்தல நிப்பாட்டு, இங்க லைட்டு அழுவுது.” இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும்: “இந்தா கொதிச்சிருச்சுக்கா, கொஞ்சம் பொறுங்க.” ஒரே கம்பியில் தொங்கும் இரண்டு சுமைகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதை அந்த இரண்டு பெண்களும் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள்.

இப்போது எல்லாக் காம்பிராவிலும் எல்.ஈ.டி. பல்ப். 9 வாற்றில் நல்ல வெளிச்சம், பில்லும் குறைவு. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, அழுத்தம் 230இலிருந்து 180க்கு இறங்கினாலும் ஒளியை மாறாமல் வைத்துக்கொள்ளும். கம்பி சூடேறுவது நிற்கவில்லை. அதைக் காட்டிக்கொடுத்த மங்கல்தான் நின்றுவிட்டது. எச்சரிக்கைக் குரல் கேட்க வழியில்லாத இந்தக் காலத்தில் கணக்குத் தெரிந்திருப்பது முன்னைவிடத் தேவையாகிறது.

ஓம் தன் பெயரில் இன்று வழங்கும் விதியைக் கண்ட விதம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கேயோர்க் சீமோன் ஓம் 1789இல் ஜேர்மனியின் எர்லாங்கனில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கோலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால், பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை அவர் பயன்படுத்தினார். அதன் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். அழுத்தம் அசையாமல் நின்றது. பிறகு ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் பூட்டி, ஓட்டம் எப்படி மாறுகிறது என்று அளந்தார். அவர் ஆராய்ந்ததே கம்பியைத்தான்! அவருடைய சமன்பாட்டில் சோதிக்கும் கம்பியின் நீளத்துக்கு ஓர் எழுத்து இருந்தது. சுற்றின் மீதிப் பகுதி கொடுக்கும் தடைக்கும் தனியாக ஓர் எழுத்து இருந்தது. எதையும் அவர் புறக்கணிக்கவில்லை. 1827இல் நூலாக வந்தபோது ஜேர்மன் அறிஞர் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனம் நொந்து ஆசிரியர் வேலையையும் விட்டார். 1841இல் இலண்டன் றோயல் சொசைற்றி கொப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்புத் தேடி வந்தது.

அதே காலத்தில் சால்ஃபோர்டின் பியர் வடிப்பாலைக்காரர் ஒருவரின் மகன், ஜேம்ஸ் யூல், கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்து அது எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சூடு தடையோடு நேராகவும், ஓட்டத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது என்று கண்டார். தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கும் அதற்கு மேலேயுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் நடந்த ஆண்டுகள் அவை. யூல் கண்ட அந்த வர்க்கம்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கூரையில் இன்று வேலை செய்கிறது.

நுவரெலியாவில் மழை பிடித்தால் துணி நாள்கணக்கில் காயாது. பள்ளிக்கூடச் சீருடையோ வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை இரவு லயம் முழுக்க ஈரச் சட்டையை அயன் பெட்டியால் காயவைக்கும் நேரம். 1,000 வாற்று அயன் ஒன்று 4.35 அம்பியர் எடுக்கும். மின்மானிக்குக் கிட்ட ஒரு கேத்தலும் இரண்டு அயனும் ஒரே கம்பியில் ஓடினால் 15 அம்பியருக்குக் கிட்ட வந்துவிடும். அந்தக் கம்பியில் எங்கோ ஓரிடத்தில், முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு ஒன்று. வருசக்கணக்கான ஈரத்தில் செம்பு கறுத்து, முறுக்கு தளர்ந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் அரை ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். கேத்தல் தனியாக ஓடும்போது அங்கே எழும் சூடு 21 வாற்று. மூன்றும் சேர்ந்து 15 அம்பியர் ஓடினால் 112 வாற்று. ஓட்டம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதற்கே சூடு ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. றேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 முதல் 60 வாற்று வரைதான். அதைவிட அதிகச் சூடு, பெருவிரல் அளவு இடத்தில், காய்ந்த பலகைக்கும் பழைய உர பேக்குக்கும் நடுவில். கம்பியின் பீ.வீ.சி. உறை தாங்கக்கூடியது 70 பாகை.

பியூஸ் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்பார்கள். பியூஸ் ஓட்டத்தின் அளவை மட்டும் அறியும். 15 அம்பியர் அதற்குப் பழக்கமான அளவாக இருக்கலாம். தளர்ந்த இணைப்பு தடையைக் கூட்டுவதால் ஓட்டத்தைச் சற்றுக் குறைக்கவே செய்யும். ட்ரிப் சுவிட்ச் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் துண்டிக்கும். ஈரக் கையோடு கம்பியைத் தொடும் மனிதருக்கு அது உயிர்க்காவல், கட்டாயம் வேண்டும். ஆனால் இணைப்பில் எழும் சூடு அதன் கண்ணுக்குத் தெரியாது. பியூஸ் கட்டையில் மெல்லிய இழைக்குப் பதிலாகத் தடித்த செப்புத் துண்டைப் போட்டிருந்தால் இருக்கும் ஒரு காவலும் போயிற்று.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள், ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள். ஒன்றில் பிடித்த தீ கூரை மரத்தின் வழியே மற்றவற்றுக்குப் போக அதிக நேரம் எடுப்பதில்லை. லயத் தீ பற்றிய செய்திகளைப் பத்திரிகையில் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதன் வரிசை மனப்பாடம்: எரிந்த காம்பிராக்களின் எண்ணிக்கை, பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ தங்கவைக்கப்பட்ட குடும்பங்கள், சாம்பலான பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் பாடப்புத்தகங்களும், கடைசியில் மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் என்ற ஒரு வாக்கியம். 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பத்திரங்களுக்காகத் தலைமுறைகளாக அலைந்த சமூகத்துக்குச் சான்றிதழ் எரிவது வெறும் காகித இழப்பல்ல. எந்த இணைப்பில், எந்தப் பருமன் கம்பியில், எத்தனை அம்பியரில் தீ பிடித்தது என்று யாரும் தேடுவதில்லை. தேடாதவரை அடுத்த லயத்திலும் அதே கம்பி அதே முறுக்கோடு கிடக்கும்.

கம்பித் தடையைப் புறக்கணிக்காத வேலையும் இதே மலையில்தான் நடந்தது. 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மஸ்கெலி ஓயாவையும் கெசல்கமு ஓயாவையும் பார்த்து, அந்தத் தண்ணீரால் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று கணக்கிட்டார். நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுக்க 1912இல் பிளக்பூலில் அமைந்த சிறு நிலையத்திலும் அவருடைய உழைப்பு உண்டு. 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் தன் திட்டத்தைக் கட்டுரையாகப் படித்தார். 1924இல் லக்சபான வேலை தொடங்கியது, 1927இல் நிறுத்தப்பட்டது. அவர் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் அதற்காகவே வாதாடினார். 1950இல் 25 மெகாவாற்றோடு பழைய லக்சபான ஓடத் தொடங்கியபோது அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது; மூன்று வருடத்தில் காலமானார். 1965இல் காசல்ரீ தண்ணீரில் ஓடத் தொடங்கிய நோர்ட்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்த 25 மெகாவாற்றைக் கொழும்புக்குக் கொண்டுபோவது எப்படி? கணக்கை எளிதாக்க ஒரே சோடிக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றில் அனுப்பினால் 108,000 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதைத் தாங்கக் கம்பி கிடையாது. இன்று மலைகளைக் கடக்கும் 132,000 வோல்ற்றில் அனுப்பினால் 189 அம்பியர் போதும். ஓட்டம் 574 மடங்கு குறைந்ததால், ஒரே கம்பியில் சூடாகப் போகும் வலு மூன்று இலட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. யூலின் வர்க்கத்துக்குப் பயந்துதான் பொறியியலாளர்கள் கொழுந்து மலைகளுக்கு மேலே அந்தக் கோபுரங்களை நிறுத்தினார்கள். கம்பியின் தடையை ஒவ்வொரு ஓமாக எண்ணினார்கள். அந்த அறிவின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் கோபுரத்தின் அடியில் உள்ள மலையில் கொழுந்து எடுத்தவர்களின் காம்பிராக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, லக்சபான ஓடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரை மண்ணெண்ணெய் விளக்குத்தான். காசல்ரீக்கும் மவுசாக்கலைக்கும் பள்ளத்தாக்குகள் மூழ்கின. பழைய மஸ்கெலியா ஊரும் நீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர் இறங்கும்போது கோயில் இன்னும் தலைகாட்டுகிறது. தோட்டத்து ஸ்டோருக்குக்கூட வெளிச்சம் லயத்துக்கு முன்பே வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தம் ஓடைகளில் நீர்ச்சுழலிகளைப் பூட்டி உருளையையும் உலர்த்தியையும் ஓட்டின. இங்கிலாந்தின் கென்டலிலிருந்து வந்த கில்க்ஸ் கம்பெனிச் சுழலிகளின் மிச்சங்களை இன்றும் சில ஸ்டோர்களின் பின்புறம் பார்க்கலாம். அந்த ஓடைகளுக்குப் பக்கத்துப் பீலிகளில்தான் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள்.

பிறகு மின்சாரம் வந்தது. ஆனால் பல இடங்களில் அது வந்த விதம் அரைகுறை. காம்பிரா தோட்டத்தின் சொத்து, குடியிருப்பவருக்கு உறுதிப் பத்திரம் இல்லை, தனி இணைப்புக்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். கிடைக்காதவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தார். ஒரு பல்புக்கும் ஒரு றேடியோவுக்கும் அது போதுமாக இருந்தது. ரீ.வீ. வந்தது, கேத்தல் வந்தது, அயன், ரைஸ் குக்கர் வந்தன. கம்பி மட்டும் மாறவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்குத் தனி மின்மானியும் தனிக் கம்பியும் உண்டு. அந்த வீடுகளின் நன்மைகளை எண்ணுகிறவர்கள் இதையும் எண்ண வேண்டும். லயத்தில் மீந்திருப்பவர்களின் தொகை இன்னும் பெரிது.

பதினோராந் தரத்துப் பிள்ளைகள் கம்பியைத் தொடாமலே செய்யக்கூடிய ஒரு செய்முறை இருக்கிறது. சொக்கட்டில் செருகி, அதன்மேல் பிளக்கைச் செருகும் சின்ன அளவுகருவி கடைகளில் கிடைக்கிறது. வோல்ற்றையும் அம்பியரையும் எண்ணாகக் காட்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று இருந்தால் போதும், ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ பக்கத்தில் நிற்கட்டும். எதுவும் ஓடாதபோது அழுத்தத்தைக் குறிக்க வேண்டும். 228 என்று வையுங்கள். கேத்தலைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். 207, ஓட்டம் 5.87. விழுந்த 21 வோல்ற்றை 5.87ஆல் வகுத்தால் 3.6 ஓம். மின்மாற்றியிலிருந்து அந்தச் சொக்கட் வரை உள்ள எல்லாக் கம்பிகளும் எல்லா இணைப்புகளும் சேர்ந்த தடை அது. இருபத்தொன்றையும் 5.87ஐயும் பெருக்கினால் 123 வாற்று. வழி நெடுகச் சூடாகப் போவது அவ்வளவு. கம்பியின் நீளத்தையும் பருமனையும் வைத்துப் போட்ட கணக்கு 2 ஓம் என்று சொல்ல, அளந்தால் 3.6 வந்தால், மீதி 1.6 ஏதோ இணைப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. மின்சார வேலை தெரிந்தவரை அழைத்து அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த எண்கள் கொப்பியோடு நின்றுவிடக் கூடாது. தோட்ட ஆபீசுக்கும் மின்சார அலுவலகத்துக்கும் எழுதும் விண்ணப்பத்தில் அவை ஏற வேண்டும்: எந்த டிவிசன், எத்தனையாம் லயம், மின்மானியிலிருந்து எவ்வளவு தூரம், கம்பி என்ன பருமன், அளந்த தடை எத்தனை ஓம், வீணாகும் வலு எத்தனை வாற்று. என்ன செய்து தர வேண்டும் என்பதையும் எண்ணோடு எழுதலாம். அதே 120 மீற்றருக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட்டால் 4.1 ஓம் ஒரு ஓமுக்குக் கிட்ட இறங்கும். கடைசிக் காம்பிராவின் கேத்தலுக்கு 223 வோல்ற்று கிடைக்கும். கம்பியில் சூடாகப் போவது 140 வாற்றிலிருந்து 41 ஆகும்.